காற்பந்தாட்டத்திற்கு ஏற்ற காற்சட்டையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது முதுமொழி. இதனைப் பெரும்பாலோர் அழகைக் குறித்ததாகவே கொள்வர். விளையாட்டுத் திடலிலோ இம்மொழிக்கு வேறொரு பொருளும் உண்டு. உடலுக்கும் ஆட்டத்திற்கும் பொருந்திய ஆடையை அணிந்தவன் தன் ஆற்றல் முழுவதையும் ஆட்டத்தில் செலுத்துகிறான். பொருந்தாத ஆடையை அணிந்தவன் பாதி ஆற்றலை அந்த ஆடையோடு போராடுவதிலேயே செலவிடுகிறான்.

ஜொகூர் மாநிலத்தில் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கோத்தா திங்கி ஆகிய வட்டாரங்களின் தோட்டங்களில் காற்பந்து நெடுங்காலமாக வேரூன்றிய விளையாட்டாகும். காலையில் பால் வெட்டி, பால் நிறுத்து, வீடு திரும்பிய இளைஞர்கள் மாலையில் திடலுக்குச் செல்கின்றனர். அவர்கள் காலணி வாங்கும்போது நான்கு கடை ஏறி இறங்குவர். ஆனால் காற்சட்டை என்று வரும்போது, கைக்கு அகப்பட்டது எதுவாயினும் போதும் என்று எண்ணிவிடுகின்றனர். நாம் பேச்சு வழக்கில் ‘சிலுவார்’ என்று சொல்லும் அச்சிறு ஆடைதான் உடலோடு மிக நெருங்கி, மிகுதியாக உராய்ந்து, மிகுதியாக வேர்வையை ஏற்கிறது. எனவே அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

உடல்நலமே முதற்காரணம்

நம் நாட்டின் காற்றில் ஈரம் மிகுதி. மாலை வேளையில் இடிமழை பெய்து ஓய்ந்த பின்னர் ஆடுவோரின் உடலில் சுரக்கும் வேர்வை எளிதில் உலர்வதில்லை. ஈரமான துணி தொடையின் உட்புறத்தில் இடைவிடாது உராயும்போது தோல் சிவந்து புண்ணாகிறது. அவ்விடத்தில் வெப்பமும் ஈரமும் நீடித்தால் பூஞ்சைக் கிருமிகள் தோன்றிப் பெருகும். தொடை இடுக்கில் வட்ட வட்டமாகப் படர்ந்து அரிக்கும் படை இதனால் உண்டாவதே. மக்கள் இதனைப் படர்தாமரை என்றும் அழைப்பர்.

இந்நோய் கண்ட இளைஞர் பலர் வெட்கத்தினால் யாரிடமும் சொல்வதில்லை. சிலர் நண்பர் கொடுத்த களிம்பைத் தடவிக்கொள்கின்றனர். அரிப்பை அடக்கும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு என்னும் மருந்து கலந்திருக்கும். அதனை மட்டும் தடவினால் அரிப்பு சில நாள் தணியும். பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டிருக்கும். ஆகவே, படை கண்டவுடன் மருத்துவ உதவியாளரிடமோ அரசாங்கச் சுகாதார நிலையத்திலோ காட்டுவதே அறிவுடைமை. அரிப்பு நின்றவுடன் மருந்தை நிறுத்திவிடாமல், அவர்கள் குறித்த நாள்வரை தடவ வேண்டும்.

பாதங்களின் விரலிடுக்கில் உண்டாகும் பூஞ்சை நோயும் தொடைப்படையும் பெரும்பாலும் ஒரே இனக் கிருமிகளால் வருபவை. பாதத்தில் நோய் உள்ளவர் காற்சட்டைக்குள் காலை நுழைக்கும்போது கிருமி மேலே செல்லக்கூடும். அத்தகையோர் முதலில் காலுறையை அணிந்து, பிறகு உள்ளாடையையும் காற்சட்டையையும் அணிவது நன்று.

விதி கூறுவது என்ன?

உலகெங்கும் பின்பற்றப்படும் காற்பந்து விதிகளுள் நான்காம் விதி ஆட்டக்காரரின் உடையைப் பற்றியது. கையுள்ள மேற்சட்டை, காற்சட்டை, காலுறை, கணுக்கால் முதல் முழங்கால் வரையுள்ள எலும்பைக் காக்கும் காப்பு, காலணி ஆகிய ஐந்தும் கட்டாயமாகும். கோல் காவலர் மட்டும் விரும்பினால் நீளக் காற்சட்டை அணியலாம்.

காற்சட்டைக்குள் இறுக்கமான உள்ளுடை அணிந்து, அது வெளியே தெரியுமாயின், அதன் நிறம் காற்சட்டையின் முதன்மை நிறமாகவோ அதன் கீழ் விளிம்பின் நிறமாகவோ இருத்தல் வேண்டும். ஒரே குழுவில் அத்தகைய உள்ளுடை அணியும் அனைவரும் ஒரே நிறத்தில் அணிய வேண்டும். பிறருக்கோ தமக்கோ தீங்கு விளைக்கக்கூடிய எப்பொருளையும் அணிதல் ஆகாது. எனவே உலோகக் கொக்கி, உலோகப் பொத்தான், வார் ஆகியவை உள்ள காற்சட்டையைத் தவிர்க்க வேண்டும். பையுள்ள காற்சட்டையும் உகந்ததன்று. ஓடும்போது எதிராளியின் விரல் அதில் மாட்டிக்கொள்ளக்கூடும். சாவியையோ நாணயத்தையோ மறந்து வைத்துக்கொண்டு விழுந்தால் காயம் நேரும்.

உடை விதியை நாடுகளும் மீற முடியாது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2004ஆம் ஆண்டு துனீசியாவில் நடைபெற்ற ஆப்பிரிக்க நாடுகள் கிண்ணப் போட்டியில் கேமரூன் குழுவினர் மேற்சட்டையும் காற்சட்டையும் ஒன்றாக இணைந்த உடையை அணிந்து ஆடினர். அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனம் அதனை ஏற்கவில்லை. அபராதம் விதித்ததோடு, 2006ஆம் ஆண்டின் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் அக்குழுவிற்கு 6 புள்ளிகளைக் குறைப்பதாகவும் அறிவித்தது. பின்னர் அப்புள்ளிகள் திரும்ப வழங்கப்பட்டன. எனினும், காற்சட்டை தனி ஆடையாகவே இருத்தல் வேண்டும் என்னும் விதி நிலைபெற்றது.

துணியை அறிதல்

பருத்தி மென்மையானது; அன்றாட உடைக்கு மிக ஏற்றது. ஆயினும் அது நீரை உறிஞ்சித் தன்னுள் தேக்கிக்கொள்ளும் இயல்புடையது. மிதமான ஈரமுள்ள காற்றிலேயே 100 கிராம் உலர்ந்த பருத்தி ஏறத்தாழ 8 கிராம் ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். அதே காற்றில் 100 கிராம் பாலியெஸ்டர் அரை கிராமுக்கும் குறைவாகவே ஏற்கும். வேர்வையிலும் மழையிலும் நனைந்த பருத்திக் காற்சட்டை கனத்துத் தொடையில் ஒட்டிக்கொள்வதற்கு இதுவே காரணம். ஆட்டத்தின் பிற்பாதியில் கால் கனக்கிறது என்று சொல்வோர் தம் காற்சட்டையைப் பிழிந்து பார்த்தால் உண்மை விளங்கும்.

பாலியெஸ்டர் இழை 1941ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவரால் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று விளையாட்டு உடைகளில் பெரும்பாலானவை இவ்விழையால் ஆனவையே. ஆனால் பாலியெஸ்டர் என்ற பெயரைக் கண்டவுடன் வாங்கிவிடலாகாது. நெருக்கமாக நெய்த மலிவான துணி, மழைச்சட்டையைப் போல் காற்றைத் தடுத்து வெப்பத்தை உள்ளே அடைத்துவிடும். சிறு துளைகள் உள்ள, பின்னல் முறையில் அமைந்த துணியே நமக்கு வேண்டும்.

இதனைக் கடையிலேயே சோதிக்கலாம். துணியை வாயருகே பிடித்து ஊதுங்கள். மறுபுறம் வைத்த உள்ளங்கையில் காற்று பட வேண்டும். பின்னர் வெளிச்சத்திற்கு எதிரே விரித்துப் பாருங்கள். துளைகள் சீராகத் தெரிய வேண்டும். ஆனால் உள்ளாடை தெரியும் அளவிற்கு மெல்லியதாக இருத்தல் கூடாது. முன்பு வாங்கிய காற்சட்டை வீட்டில் இருந்தால் அதன் மேல் ஒரு சொட்டு நீர் விடுங்கள். நீர் உருண்டு நிற்காமல் விரைவில் பரவுமானால், அத்துணி வேர்வையைப் பரப்பி உலரச் செய்யும் தன்மையுடையது எனக் கொள்ளலாம்.

இடுப்புப் பட்டியும் நாம் வெட்டும் பாலும்

காற்சட்டையின் உயிர்நாடி அதன் இடுப்புப் பட்டியே. அப்பட்டியின் நீளும் தன்மைக்குப் பல சமயங்களில் காரணமாக இருப்பது நாம் வெட்டும் ரப்பர் பால் என்பதைத் தோட்ட மக்கள் பெருமையுடன் அறிந்துகொள்ளலாம்.

1820ஆம் ஆண்டிலேயே இலண்டனைச் சேர்ந்த தாமஸ் ஹான்காக் என்பவர் கையுறை, காலுறை முதலியவற்றை உடலோடு பிடித்து நிறுத்தும் ரப்பர்ப் பட்டிகளுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அக்காலத்து ரப்பர் வெயிலில் இளகியது, குளிரில் விறைத்தது. 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அக்குறை நீங்கும் என்று கண்டறிந்தார். அதன் பின்னரே ரப்பர் நம்பத்தகுந்த பொருளாயிற்று.

மங்கில் வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர் உள்ளது. ஆலையில் அதனைச் செறிவாக்கி 60 விழுக்காடு ரப்பர் உள்ள பாலாக்குகின்றனர். கெட்டியாகாதிருக்க அமோனியா சேர்க்கப்படுகிறது. பின்னர்க் கந்தகம் முதலியவற்றைக் கலந்து, மெல்லிய குழாய்களின் வழியாக ஆசிட் கலந்த நீரில் செலுத்துகின்றனர். பால் உடனே உறைந்து நூலாகிறது. அந்நூலைக் கழுவி, உலர்த்தி, சூடாக்கிப் பதப்படுத்திய பின், அதன் மேல் வேறு இழைகளைச் சுற்றிப் பட்டியாக நெய்கின்றனர். மலேசியா இத்தகைய ரப்பர் நூலை உலகிற்கு வழங்கும் முதன்மை நாடுகளுள் ஒன்றாகும். 1958ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட எலாஸ்டேன் என்னும் செயற்கை இழையும் இன்று இப்பணிக்குப் பயன்படுகிறது.

பட்டியைச் சோதிக்கும் முறை எளிது. இரு கைகளாலும் அதனை ஒன்றரை மடங்கு இழுத்து விடுங்கள். அது உடனே பழைய அளவிற்குத் திரும்ப வேண்டும். நெளிந்து நின்றாலோ, உள்ளே நூல் அறுபடும் ஓசை கேட்டாலோ அதனை வாங்காதீர். அணிந்த பின் பட்டிக்கும் வயிற்றுக்கும் இடையே இரண்டு விரல்கள் தடையின்றி நுழைய வேண்டும். உள்ளே இழுத்துக் கட்டும் கயிறு ஒன்றும் இருத்தல் வேண்டும். பட்டி தளர்ந்த நாளில் அக்கயிறே துணை.

அக்கயிற்றின் அருமையை உணர்த்த ஒரு செய்தி காற்பந்து உலகில் வழங்கி வருகிறது. 1938ஆம் ஆண்டு உலகக் கிண்ண அரையிறுதி ஆட்டம் பிரான்சின் மார்சேய் நகரில் நடந்தது. பிரேசிலுக்கு எதிராக இத்தாலியின் ஜூசெப்பே மெயாட்சா தண்டனை உதை எடுக்க வந்தபோது அவருடைய காற்சட்டையின் பட்டி அறுந்துபோனதாகவும், ஒரு கையால் அதனைப் பிடித்துக்கொண்டே பந்தை உதைத்துக் கோலாக்கியதாகவும் கூறுவர். அவ்வாட்டத்தில் இத்தாலி 2-1 என வென்றது. மெயாட்சா போன்ற பெருவீரருக்கு அது கைகூடியது. நமக்கும் கைகூடும் என்று நம்பியிருத்தல் தகாது.

அளவும் தையலும்

காற்சட்டையின் நீளம் காலந்தோறும் மாறி வந்துள்ளது. தொடக்கக் காலத்தில் ஆட்டக்காரர்கள் முழங்காலை எட்டும் உடையை அணிந்தனர். 1970, 1980ஆம் ஆண்டுகளில் மிகக் குட்டையான காற்சட்டை வழக்கில் இருந்தது. மலேசியக் குழு 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் பங்கேற்று அமெரிக்காவை 3-0 என வென்றதும் அத்தகைய காலத்தில்தான். 1990ஆம் ஆண்டுகளில் அகன்று நீண்ட காற்சட்டை வந்தது. ஆகவே நீளம் என்பது பெரும்பாலும் காலத்தின் கோலமே. தொடையின் நடுப்பகுதிக்கும் முழங்காலுக்குச் சற்று மேலுக்கும் இடைப்பட்ட நீளம் எல்லோருக்கும் பொருந்தும். முழங்காலை மூடும் நீளம் ஓட்டத்தைத் தடுக்கும்.

பெரிய, நடுத்தர, சிறிய அளவு என்று அட்டையில் காணப்படுவதை மட்டும் நம்பாதீர். ஐரோப்பிய அளவும் ஆசிய அளவும் ஒன்றல்ல. அளவு நாடாவால் இடுப்பையும் தொடையின் பருமனையும் அளந்துகொண்டு கடைக்குச் செல்லுங்கள். அங்கே அணிந்து பார்க்க இயலுமாயின் மூன்று அசைவுகளைச் செய்து பாருங்கள். முதலாவது, முழுமையாகக் குந்தி எழுங்கள். இரண்டாவது, ஒரு முழங்காலை இடுப்பு உயரத்திற்குத் தூக்குங்கள். மூன்றாவது, ஒரு காலை முன்னே நீட்டி வைத்து அகலமாக அடியெடுத்து வையுங்கள். இம்மூன்றிலும் துணி இழுபடாமலும், பட்டி கீழே இறங்காமலும் இருந்தால் அளவு சரியானது.

அடுத்து, காற்சட்டையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பித் தையலைப் பாருங்கள். இரு கால்களும் சேரும் இடத்தில் நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் கூடினால் அவ்விடம் விரைவில் கிழியும்; தோலையும் உரசும். அங்கே தனியாக ஒரு துண்டுத் துணி வைத்துத் தைக்கப்பட்டிருந்தால் அதுவே சிறந்தது. தையல் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரலுக்கு உறுத்துவது தொடையையும் உறுத்தும்.

திடலும் ஆடும் இடமும்

ஜொகூர் பாரு லார்க்கின் அரங்கத்திலும், 2020ஆம் ஆண்டு இஸ்கந்தர் புத்திரியில் திறக்கப்பட்ட சுல்தான் இப்ராஹிம் அரங்கத்திலும் உள்ள புல்தரை வேறு. செம்மண்ணும் சரளையும் கலந்த நம் தோட்டத் திடல் வேறு. 2015ஆம் ஆண்டில் ஆசியக் காற்பந்துச் சம்மேளனக் கிண்ணத்தை வென்று நம் மாநிலத்திற்குப் பெருமை சேர்த்த ஜொகூர் டாருல் தக்சிம் குழுவினர் அணியும் அதே மெல்லிய காற்சட்டை, சரளைத் தரையில் சறுக்கி விழுவோருக்குப் போதிய காப்பளிக்காது. அத்தகைய திடலில் ஆடுவோர் சற்றுத் தடித்த துணியையும், உள்ளே தொடையை ஒட்டிய உள்ளுடையையும் அணிவது பயன் தரும். கோல் காவலர் நீளக் காற்சட்டையோ, இடுப்பின் பக்கங்களில் பஞ்சு வைத்த காற்சட்டையோ அணியலாம். ஹங்கேரி நாட்டுக் கோல் காவலர் காபோர் கிராலி 2016ஆம் ஆண்டு தமது 40ஆம் வயதில் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் ஆடியபோதும் தமது சாம்பல் நிற நீளக் காற்சட்டையையே அணிந்திருந்தார்.

களத்திற்கும் காலநிலைக்கும் ஏற்ப உடை மாற வேண்டும் என்பதற்கு இந்தியக் குழுவின் வரலாறும் சான்று. 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய ஆட்டக்காரர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். பிரான்சிடம் 1-2 எனத் தோற்ற போதிலும், சாரங்கபாணி ராமன் ஒரு கோலைப் புகுத்தினார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஹெல்சிங்கியின் குளிர்ந்த தரையில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 எனப் பெருந்தோல்வி கண்டனர். அதன் பின்னரே காலணி கட்டாயமாக்கப்பட்டது.

பெண் பிள்ளைகளும் ஆடட்டும்

இன்று பெண் பிள்ளைகளும் காற்பந்தாட்டத்தில் ஆர்வம் கொள்கின்றனர். ஆனால் பருவமெய்திய பின் பலர் திடலை விட்டு விலகிவிடுகின்றனர். உடையைப் பற்றிய கூச்சமும் அதற்கு ஒரு காரணமாகும். இது நம் தோட்டங்களுக்கு மட்டும் உரிய நிலையன்று. இங்கிலாந்துப் பெண்கள் குழுவினர் வெள்ளைக் காற்சட்டை மாதவிலக்கு நாட்களில் தமக்குக் கவலை தருவதாக எடுத்துரைத்தனர். அதன் பின் 2023ஆம் ஆண்டில் அவர்களுக்கு நீல நிறக் காற்சட்டை வழங்கப்பட்டது. உலகறிந்த வீராங்கனைகளே வாய்திறந்து கேட்ட ஒன்றை நம் பிள்ளைகள் கேட்பதில் இழுக்கு ஏதும் இல்லை. பள்ளிக் குழுவிற்கோ தோட்டக் குழுவிற்கோ உடை தேர்ந்தெடுக்கும் பொறுப்பாளர்கள் பெண்களுக்குக் கருநீலம், கறுப்பு போன்ற அடர்ந்த நிறங்களைத் தேர்ந்தெடுப்பார்களாக.

காலை மறைத்து ஆட விரும்பும் பெண்கள், காற்சட்டைக்குள் அதே நிறத்தில் நீண்ட இறுக்கமான உள்ளுடை அணியலாம். விதி அதற்கு இடமளிக்கிறது. தலைத்துணி அணிந்து ஆடுவதற்கும் 2014ஆம் ஆண்டு முதல் விதியில் இடமுண்டு. எனவே உடையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் வீட்டில் நிறுத்திவைக்கத் தேவையில்லை.

பொதுப்பையும் பராமரிப்பும்

சில குழுக்களில் காற்சட்டைகள் அனைத்தையும் ஒரே பையில் வைத்து, ஆட்ட நாளில் கைக்குக் கிடைத்ததை அணியும் வழக்கம் உண்டு. சிக்கனமாகத் தோன்றும் இவ்வழக்கம் மிகவும் தீங்கானது. ஒருவருடைய படை ஒரு மாதத்தில் குழுவினர் பலருக்கும் பரவ இது வழிசெய்யும். காற்சட்டையில் எண்ணைப் பொறித்து, ஒருவருக்கு ஒன்று என நிலையாக ஒதுக்க வேண்டும். துண்டையும் பகிர்ந்துகொள்ளலாகாது.

ஆட்டம் முடிந்தவுடன் நனைந்த காற்சட்டையைக் கழற்றிவிட்டுக் குளித்து, தொடை இடுக்கை நன்கு துடைத்து உலர்த்த வேண்டும். ஈரக் காற்சட்டையுடன் கடைத்தெருவில் அமர்ந்து பேசிக்கொண்டிருத்தல் நோயை வரவழைப்பதாகும். காற்சட்டையைச் சவர்க்காரமிட்டுத் துவைத்துக் காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்துங்கள். முற்றும் உலர்ந்த பின்னரே மடித்து வையுங்கள்.

ஒட்டுப்பால் வெயிலில் கிடந்தால் பிசுபிசுத்துப் போவதைப் பால் வெட்டுவோர் நன்கறிவர். கடும் வெயில், இஸ்திரிப் பெட்டியின் சூடு, எண்ணெய், வெளுக்கும் மருந்து ஆகிய நான்கும் இடுப்புப் பட்டியில் உள்ள ரப்பருக்குப் பகை. ஆகவே வெளுப்பு மருந்தைத் தவிர்த்து, பட்டியின் மேல் இஸ்திரி போடாதிருங்கள். பட்டி தளர்ந்துவிட்டதெனக் காற்சட்டையைத் தூக்கி எறியவும் வேண்டாம். பட்டியின் தையலைச் சிறிது பிரித்து, புதிய ரப்பர் நாடாவை ஊசிப் பின்னில் மாட்டி உள்ளே செலுத்தித் தைத்துவிட்டால் அது மேலும் பல மாதங்கள் உழைக்கும்.

பெயருக்கா, பயனுக்கா?

புகழ்பெற்ற ஆட்டக்காரரின் பெயரும், பெரிய நிறுவனத்தின் சின்னமும் பொறித்த காற்சட்டையை வாங்கித் தருமாறு பிள்ளைகள் கேட்பது இயல்பே. சம்பளப் பணத்தில் அதற்கென ஒரு தொகை ஒதுக்க இயலாத பெற்றோர் மனம் வருந்துவதும் உண்டு. ஆனால் சின்னம் வேர்வையை உலர்த்தாது. பெயர் தையலை வலுப்படுத்தாது. இரவுச் சந்தையில் விற்கப்படும் போலிச் சரக்கில் சின்னம் மட்டுமே பளபளக்கும். மேலே கூறிய சோதனைகளில் அது தோற்றுவிடும்.

நம் மாநிலத்தின் பத்து பகாட் நகரம் நெசவுக்கும் ஆயத்த ஆடைக்கும் பெயர் பெற்றது. தமிழகத்தின் திருப்பூரும் பின்னலாடைக்குப் புகழ் பெற்றதே. இத்தகைய ஊர்களில் உருவாகும், சின்னமில்லாத நல்ல காற்சட்டைகளும் கடைகளில் உள்ளன. குழுவினர் ஒன்றுகூடி மொத்தமாக வாங்கினால் விலை குறையும். தோட்டத்தில் தையற்கலை அறிந்த பெண்கள் இருப்பின், துணியை வாங்கி அவர்களிடம் கூலி கொடுத்துத் தைத்துக்கொள்வது இருசாராருக்கும் நன்மை பயக்கும். காற்சட்டை இல்லை என்ற காரணத்தால் திறமையுள்ள ஒரு பிள்ளை திடலின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் நிலை எந்தத் தோட்டத்திலும் நேரலாகாது. அதனைத் தடுப்பது குழுப் பொறுப்பாளர்களின் கடமையாகும்.

நினைவிற் கொள்க

1. காற்று புகும், விரைவில் உலரும் துணியைத் தேர்ந்தெடுங்கள்.
2. இடுப்புப் பட்டியை இழுத்துப் பாருங்கள். உட்கயிறு உள்ளதா எனக் காணுங்கள்.
3. குந்தி, முழங்கால் தூக்கி, அகல அடி வைத்து அளவைச் சோதியுங்கள்.
4. உலோகக் கொக்கியும் பையும் உள்ளவற்றைத் தவிருங்கள்.
5. ஒருவர் காற்சட்டையை மற்றவர் அணியாதீர்.
6. நிழலில் உலர்த்துங்கள், பட்டியில் இஸ்திரி போடாதீர்.
7. படை கண்டால் வெட்கப்படாமல் மருத்துவ உதவி பெறுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. மழையில் நனைந்த பருத்திக் காற்சட்டை கனப்பது ஏன்?
2. மங்கில் வடியும் பால் இடுப்புப் பட்டியில் உள்ள நூலாக மாறும் படிகளை வரிசையாகக் கூறுக.
3. உங்கள் குழுவின் காற்சட்டைகள் எவ்வாறு பாதுகாக்கப்படுகின்றன? அம்முறையில் மாற்ற வேண்டியது யாது?

இவ்வினாக்களை வீட்டிலும் திடலிலும் படிப்பகத்திலும் பிள்ளைகளோடு கலந்துரையாடுங்கள். மூன்றாம் வினாவிற்கான விடையை அடுத்த ஆட்டத்திற்கு முன்பே செயலில் காட்டுவீர்களாயின், இப்பாடத்தின் நோக்கம் நிறைவேறியதாகும்.